அந்நியளாக நடிக்கும் வேலை

குரோனிங்கனில் அந்த வருடம் எனக்குக் கிடைத்தது
மணிக்குப் பதினோரு யூரோவுக்கு
யாரோ ஒருத்தியாக இருக்கும் வேலை.
வாசனைத் திரவியம் கூடாது. ஆடும் காதணி கூடாது.
கதவைத் திறந்து உள்ளே போய்
ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும்,
ஒரு நிமிடம் அம்மாவிடம் பேச வேண்டும்,
மூன்றாம் நிமிடம் தரையில் இறங்கி
குழந்தை பக்கம் ஒரு மர வாத்தை உருட்ட வேண்டும்.
அப்போது அம்மா எழுந்து வெளியே போவாள்.
மீதியைக் கண்ணாடிக்குப் பின்னால் எழுதிக்கொள்வார்கள்.

ஃபென்னாவுக்குப் பதினான்கு மாதம்.
கதவு சாத்தியதும் கூரை பிய்ந்துபோக அழுதாள்.
அவள் அம்மா ஓடி வந்தபோது
அம்மாவின் முகம்தான் அதிகம் சிவந்திருந்தது.
"தோற்றுவிட்டோம், இல்லையா?"
என்னைக் கேட்டாள், வாத்து உருட்டுகிறவளை.
பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
ஃபென்னா அவள் கழுத்தில் மூக்கைத் துடைத்தாள்.
ஒரு விக்கல். இன்னொரு விக்கல்.
பிறகு இறங்கி வந்து
என் கையிலிருந்து வாத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.
நாற்பது நொடி.
கண்ணாடிக்குப் பின்னால் முக்கியமாகக் குறித்தது
அந்த நாற்பதைத்தான்.

யோஸ்ட் அழவில்லை.
அம்மா போவதைப் பார்த்தான், வண்டியை உருட்டினான்.
அம்மா வந்ததைப் பார்க்கவில்லை, வண்டியை உருட்டினான்.
"தங்கமான பிள்ளை" என்றார் காப்பி அறையில்
புதிதாகச் சேர்ந்த ஒருவர்.
யோஸ்டின் நெஞ்சில் ஒட்டிய கம்பி மட்டும்
திரையில் மலை மலையாக வரைந்துகொண்டிருந்தது.
வண்டி ஒரே சீராகப் போனது.

இதை வைத்து அவன் அம்மாவைத் திட்டிவிடாதீர்கள்.
அன்று செவ்வாய்க்கிழமை.
நான் பார்த்தது இருபது நிமிடம்.

சீட்சே வந்தார், படகு பழுதுபார்க்கிறவர்.
மனைவிக்கு மருத்துவமனையில் இரவுப் பணி.
"அம்மாதான் வரணுமோ?" என்று
மழைக்கோட்டு சொட்டச் சொட்ட வாசலிலேயே நின்றார்.
மகள் அதற்குள்
அவர் பூட்ஸ் நாடாவைப் பிடித்து எழுந்து நின்று
அறையை ஆராயத் தொடங்கியிருந்தாள்,
இரண்டடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தபடி.

ரூபன் என்று ஒருவன், வறுத்த உருளைக்கிழங்கு ஆறும் வரை
கைபேசியில் எனக்குப் பதினேழு கேள்வி வைத்தான்.
"நீ விலகுகிற வகை" என்றான்.
"ஆயுசுக்கும் மாறாதாம்."
மயோனைஸை என் பக்கம் தள்ளிவைத்தான், ஆறுதலாக.
நான் விலகினேன்.
அவனை விட்டு விலக வகை எதுவும் தேவைப்படவில்லை.

என் அம்மா அசனில் தனியாக இருக்கிறாள்.
நான் குறைமாதத்தில் பிறந்தவள்,
ஐந்து வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள்.
ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கேக்கை வெட்டிவிட்டுச் சொல்வாள்:
"முதல் மணியிலேயே உன்னைத் தூக்கியிருந்தால்."
எங்கள் மொழியில் பாசப் பிணைப்புக்கும்
காயத்துக்குப் போடும் தையலுக்கும் ஒரே சொல்.
அதனால் அவள் நம்புகிறாள்:
நேரத்துக்குப் போடாத தையல்,
இனி மூடாத வாய்.

சொல்லலாம் என்றுதான் போன ஞாயிறு போனேன்.
பிணைப்புக்கு முதல் மணி என்று ஒன்று இல்லை அம்மா,
பிரிவதே கூடாது என்பதும் இல்லை,
நீ அறுந்த இடங்களில் திரும்பத் திரும்பத் தைத்தாய்,
பல் விழுந்தபோது, பள்ளியில் அடிவாங்கியபோது,
நான் கதவை அறைந்துவிட்டு மாடிக்குப் போனபோது
வெளியே படியில் உட்கார்ந்து
கீழ்த்தளத்துக்காரர் நாயைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தாயே.

சொல்லவில்லை. பட்டாணி சூப் குடித்தோம்.
நிலையம் வரை வந்தாள்.
ரயில் நகர்ந்ததும் கை அசைத்தாள்.
நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஒரே சீராக.

மூன்று நிறுத்தம் தாண்டி எழுதினேன்:
அடுத்த ஞாயிறும் வரவா?

பதில் உடனே வந்தது.
கைபேசியைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள்.